ஐந்தாம் கட்டிலின் சிவப்புத் துணி

நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் பெண்கள் வார்டு வாசலில் ஒரு பலகை உண்டு. பள்ளி மாணவ மாணவியர் உள்ளே வரக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். போன மாதம் அதற்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தார்கள். பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் அன்றைக்குத்தான் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஆயாப் பெண்கள் இரண்டு பேர் பெயிண்டர் ஏறியிருந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாத்துக்கு ஆயாம்மா இந்த போர்டு? ஸ்கூல் பசங்க வந்தா நமக்கும் ஒத்தாசையா இருக்கும்ல?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் மற்றவள் சொன்னாள்: "உனுக்குத் தெரியாதா? முன்ன ஒரு ஸ்கூல் பொண்ணு காபி குடுத்தே ஒரு மாமிய சாவடிச்சிட்டுதாம். அதுலேர்ந்துதான்."

"அப்டியா ஆயாம்மா? நீ அப்ப இங்க தானே இருந்த? சொல்லேன்."

நான் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆனால் எழுத்துக் கூட்டி எழுத வரும். அந்தப் பெண்கள் கேட்டதற்கு இதில் பதில் எழுதுகிறேன்.

நான் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவள். மந்தைவெளியில் வாழ்க்கைப்பட்டேன். இருபத்தாறு வயதில் கணவர் தவறிய பிறகு எங்கள் சர்ச் பங்குச் சாமியார் சொல்லி இந்த இல்லத்தில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் பெட்பான் கழுவினேன். பிறகு துணி மாற்றினேன். பிறகு ஆளைத் தொட விட்டார்கள். முப்பத்தாறு வருடம் அங்கேயே ஓடிவிட்டது.

வேலை சொல்லிக் கொடுத்தது மேட்ரன் அம்மா. ஒல்லியான ஆள். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. காலையில் ஆறரைக்கு வார்டுக்குள் வருவார். வணக்கம், நல்லா இருக்கியா என்பதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் நின்று, "முதுகு?" என்று ஒரு வார்த்தை கேட்பார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதுகில் புண் வந்தால் அது ஆயாவின் குற்றம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும். இடது, நேர், வலது. எந்தப் பக்கம் படுக்க வைத்தோமோ அதன் முதல் எழுத்தையும் நேரத்தையும் தலைமாட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுத வேண்டும். "முதுகு?" என்றால் "சுத்தம்மா" என்று நான் சொல்வேன். சொன்னதை நம்ப மாட்டார். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் அதுதான் பாராட்டு.

அவர் கொண்டுவந்த இன்னொரு ஏற்பாடு சிவப்புத் துணி. பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குத் தொண்டை வேலை செய்யாது. தண்ணீர் கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு லேசாகப் புரையேறியது போலத்தான் இருக்கும். இரண்டாம் நாள் காய்ச்சல் வரும். அப்புறம் பிழைப்பது கஷ்டம். அப்படிப்பட்டவர்களின் கட்டில் கம்பியில், கால்மாட்டில், பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து ஒரு துண்டு கட்டியிருப்போம். துணி இருந்தால் தண்ணீர், காபி, பால் எதுவும் கிடையாது. நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைத் தாழ்த்தி, கெட்டியான கஞ்சியைச் சின்ன ஸ்பூனில் கொடுக்க வேண்டும். ஒரு வாய் இறங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். தாகத்துக்கு ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்து விடலாம், அவ்வளவுதான்.

துணி அழுக்கானால் துவைக்க வேண்டும் அல்லவா? அதற்கும் ஒரு முறை உண்டு. புதுத் துணியைக் கட்டிய பிறகுதான் பழையதை அவிழ்க்க வேண்டும். அரை நிமிடம்கூடக் கட்டில் வெறுமனே இருக்கக் கூடாது. இதை மேட்ரன் அம்மா என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

பக்கத்துப் பள்ளியிலிருந்து பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எட்டு பேர் சனிக்கிழமைதோறும் சேவைக்கு வரத் தொடங்கியது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு. ஆளுக்கொரு டைரி வைத்திருப்பார்கள். எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்று அதில் மேட்ரன் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். பாதிப் பிள்ளைகள் கையெழுத்துக்கு வந்தவர்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். நகம் வெட்டினார்கள், பேப்பர் படித்துக் காட்டினார்கள், தலை வாரினார்கள்.

முதல் நாளே மேட்ரன் அம்மா அவர்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். "இங்க இருக்கிறவங்க தண்ணி கேட்பாங்க. அழுவாங்க. கையெடுத்துக் கும்பிடுவாங்க. அவங்க சொல்றதைக் கேட்காதீங்க. ஆயா சொல்றதைக்கூடக் கேட்காதீங்க, ஆயாவும் மறப்பா. துணியைப் பாருங்க. துணி இருந்தா கொடுக்கக் கூடாது. துணி இல்லேன்னா கொடுக்கலாம்."

அந்த எட்டு பேரில் பிரவீணா ஒருத்தி. மந்தைவெளிப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டினார். நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். சளி துடைக்க, துணி மாற்ற, எதற்கும் முகம் சுளிக்காது அந்தப் பெண். வந்ததும் சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஆயாம்மா, மூணாம் நம்பருக்கு டைம் ஆச்சு, வா திருப்பலாம்" என்று அவளே கூப்பிடுவாள்.

ஐந்தாம் கட்டிலில் பத்மா மாமி இருந்தார். தியாகராய நகரில் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடையாறில் இருந்த தம்பி மகள்தான் கொண்டுவந்து சேர்த்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புத்தி கத்தி மாதிரி. சிவப்புத் துணிக்காரர். பதினோரு மாதமாக ஒரு வாய் காபி குடிக்கவில்லை.

பிரவீணாவுக்கும் மாமிக்கும் எப்போதும் சண்டைதான்.

"இன்னா மாமி, மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீறீங்க? யாரு இன்னா சொன்னாங்க?"

"போடி கழுதை. ஒரு வாய் காபி குடுக்கத் துப்பில்லை, விசாரிக்க வந்துட்டா."

"செகப்பு கீது மாமி. நான் குடுத்தேன்னு வையி, மேட்ரன் என்னியும் இங்கியே படுக்க வச்சி செகப்பு கட்டிடுவாங்க."

"கட்டட்டும். பக்கத்துக் கட்டில் காலியாத்தான் இருக்கு. பேச்சுத் துணைக்கு ஆச்சு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மாமியின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைப்பாள். பஞ்சை மாமி பல்லால் கடித்து உறிஞ்சப் பார்ப்பார். அப்போது பிரவீணா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது. அவளுக்குப் பழகவில்லை.

அந்தச் சனிக்கிழமை புதிய கட்டில்கள் வாங்கிக் கொடுத்த ஒரு குடும்பம் பார்க்க வருவதாக இருந்தது. போட்டோ எடுக்கிறவரும் உடன் வருவார் என்றார்கள். வெள்ளை விரிப்பு, பூப்போட்ட தலையணை உறை என்று வார்டே புதிதாக இருந்தது. மதியம் மேட்ரன் அம்மா வாசலில் நின்று ஒரு தரம் பார்த்தார்.

"செசிலி, அந்தச் செகப்பெல்லாம் அவுத்துடு. போட்டோவுல கந்தலாட்டம் தெரியும். அவங்க போனதும் கட்டிடு."

புதியதைக் கட்டாமல் பழையதை அவிழ்க்கக் கூடாது என்று அவர் சொல்லிக் கொடுத்தது எனக்கு நினைவு வந்தது. நாக்கு வரை வந்தது. அவருக்குப் பின்னால் இல்லத்து நிர்வாகக் குழுவைச் சேர்ந்த இரண்டு பெரிய மனிதர்கள் நின்றார்கள். நான் "சரிம்மா" என்றேன். ஐந்து கட்டில், ஐந்து துணி. அவிழ்த்து என் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

போட்டோ எடுத்து முடித்தார்கள். வந்தவர்களுக்கு ஹாலில் சுண்டலும் காபியும் கொடுக்க ஆள் போதவில்லை. "செசிலி, இங்க வா" என்றார் மேட்ரன் அம்மா. போய்விட்டேன். துணி பையில்தான் இருந்தது. ஐந்து முடிச்சுப் போட இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை நான் கேட்டு வாங்கவில்லை.

பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ். நாலு மணிக்குத்தான் வந்தார்கள். மற்ற ஏழு பேரும் ஹாலில் நாற்காலி எடுத்துப் போட நின்றுவிட்டார்கள். பிரவீணா மட்டும் நேராக வார்டுக்குப் போனாள். அங்கே நடந்ததைப் பிறகு மாமி வாயாலேயே கேட்டேன், அதனால் தெரியும்.

பிரவீணா கால்மாட்டைப் பார்த்திருக்கிறாள். "இன்னா மாமி, செகப்பக் காணோம்?" என்றிருக்கிறாள்.

மாமி உடனே சொல்லியிருக்கிறார்: "கார்த்தால டாக்டர் வந்து பாத்தார். தொண்டை சரியாயிடுத்துன்னு சொல்லி அவுத்துட்டா. நீ வர வரைக்கும் காத்துண்டிருக்கேன். மொதல் வாய் உன் கையால குடுடி."

வந்தவர்களுக்காக வைத்த காபி பிளாஸ்க் ஒன்று வார்டு மேசையில் இருந்தது. பிரவீணா மாமியை நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறாள். முகவாயைத் தாழ்த்தியிருக்கிறாள். காபியை ஆற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கிறாள். அரை டம்ளர் போயிருக்கிறது. சொல்லிக் கொடுத்ததில் ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை.

ஹாலில் தட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது, "ஆயாம்மா! ஆயாம்மா!" என்ற சத்தம் கேட்டு ஓடினேன். மாமியின் உதடு நீலமாக இருந்தது. பிரவீணா ஒரு கையால் அவரைத் தாங்கி, மறு கையால் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் மாமியை ஒருக்களித்துச் சாய்த்து, விரலில் துணி சுற்றி வாயைத் துடைத்தேன். நர்ஸ் வந்து குழாய் விட்டு உறிஞ்சினாள். காபி வந்தது. மூச்சும் வந்தது. எங்களுக்குப் பின்னாலேயே வந்த மேட்ரன் அம்மா பிரவீணாவின் தோளைப் பிடித்து, "போய் முகம் கழுவிட்டு வா" என்று அனுப்பினார்.

அவள் முகம் கழுவப் போன நேரத்தில் நான் ஐந்தாம் கட்டிலில் துணியைக் கட்டினேன். பிறகு மற்ற நாலிலும் கட்டினேன். கை தானாகக் கட்டியது என்று முதலில் எழுதினேன். அதை அடித்துவிட்டேன். பயந்துதான் கட்டினேன். மேட்ரன் அம்மா அதைப் பார்த்தார். அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை இரவே மாமிக்குக் காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அன்றைக்குக் காலையில் துடைத்துவிடும்போது என் கையைப் பிடித்தார். "அந்தக் குட்டியை ஒண்ணும் சொல்லாதேங்கோ. துணி இல்லைன்னதும் நான்தான் பொய் சொன்னேன்," என்றார். நடந்ததை எல்லாம் விட்டு விட்டுச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பகலில் போய்விட்டார்.

மாமி சொன்னதை நான் மேட்ரன் அம்மாவிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"துணியை நாம அவுத்தோம்னு எழுதினா என்ன ஆகும், தெரியுமா செசிலி? விசாரணை வரும். ஹோமை மூடுவாங்க. இந்த இருபத்தெட்டு பேரை யார் வாங்கிப்பா? அவ சின்னப் பொண்ணு. நாலு நாள் அழுவா. மறந்துடுவா."

அவர் எனக்குக் கெடுதல் செய்தவர் இல்லை. அந்த இருபத்தெட்டு பேரின் முதுகையும் தினம் தடவிப் பார்த்தவர். அவர் சொன்னது எனக்கு நியாயமாகவும் பட்டது. எனக்கும் வேலை போகாது என்பதும் அதில் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை பள்ளியிலிருந்து டீச்சர் ஒருவர் பிரவீணாவை அழைத்துக்கொண்டு வந்தார். மாமியின் தம்பி மகளும் வந்திருந்தார். மேட்ரன் அம்மா எல்லோரையும் வார்டுக்குக் கூட்டிப் போனார். ஐந்தாம் கட்டில் காலியாக இருந்தது. கால்மாட்டில் துணி இருந்தது.

"இதுதான் எங்க அடையாளம். முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிடுவோம்," என்றார் மேட்ரன் அம்மா.

"அன்னிக்கு இது இல்ல மிஸ்," என்றாள் பிரவீணா. "சத்தியமா இல்ல மிஸ். அஞ்சு கட்டில்லயும் இல்ல. டாக்டர் பாத்துட்டு அவுத்துட்டாங்கன்னு மாமியே சொன்னாங்க."

"தப்புப் பண்ணிட்டுப் பொய் வேற சொல்லாத," என்றார் டீச்சர்.

"ஐயோ, பொய் இல்ல மிஸ். ஆயாம்மாவ கேளுங்க. ஆயாம்மா, நீ சொல்லு. நீ சொல்லு ஆயாம்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"செசிலி, துணி இருந்துச்சா?" என்றார் மேட்ரன் அம்மா. எப்போதும் போல மெதுவாகத்தான் கேட்டார்.

"இருந்துச்சும்மா," என்றேன்.

பிரவீணா அழவில்லை. என்னோடு சண்டை போடவும் இல்லை. என் பேச்சை நம்பினாள். கட்டிலருகே போய் அந்தத் துணியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்ப நான்தான் பாக்கலியா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தம்பி மகள், "சின்னப் பொண்ணு, விட்டுடுங்கோ. போலீஸ் கீலீஸ்னு ஒண்ணும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். டைரியைத் திருப்பிக் கொடுக்கும்போது மேட்ரன் அம்மா கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் பலகை வந்தது.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் வேலை பார்த்தேன். மேட்ரன் அம்மா தினமும் வந்து "முதுகு?" என்று கேட்டார். நான் "சுத்தம்மா" என்றேன். அந்த விஷயத்தை இரண்டு பேரும் பேசவில்லை. அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. செத்தவர் தலையில் பழியைப் போட இதை எழுதவில்லை. அவர் கேள்விதான் கேட்டார். பதில் சொன்னது நான்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் "சாவடிச்சிட்டுதாம்" என்று சொன்னது காதை விட்டுப் போகவில்லை. மறு ஞாயிறு பூசை முடிந்து நேராகப் பிரவீணா வீட்டைத் தேடிப் போனேன். மந்தைவெளியில் முன்பு இருந்த அதே தெருதான். மாடி வீடு. அவள் அம்மா கதவைத் திறந்தாள். பிரவீணாவுக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்குப் பக்கம். நர்ஸ் படிக்கவில்லை. தரமணியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் ஏதோ வேலை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "வா ஆயாம்மா" என்று நாற்காலி போட்டாள்.

உட்கார்ந்தால் வாய் வராது என்று பயந்து நின்றபடியே சொன்னேன். துணியை அவிழ்த்தது, கட்டாமல் போனது, பிறகு கட்டியது, மாமி சொன்னது, எல்லாம் சொன்னேன்.

அவள், "நான் பாத்தப்ப துணி இல்ல. அதானே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, இல்ல."

"இன்னொரு வாட்டி சொல்லு. எங்கம்மாவுக்குக் கேக்கட்டும்."

"துணி இல்ல. நான் அவுத்துட்டேன்."

அவள் அம்மா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். பிரவீணாவின் அப்பா. மாலை போட்டிருந்தது. எனக்கு அது தெரியாது. "எப்போ?" என்று கேட்டேன்.

"போன ஆடியில," என்றாள் பிரவீணா. "தொண்டையில கட்டி. கடைசி பத்து நாள் வீட்லதான் இருந்தாரு. தண்ணி தண்ணின்னு கேட்டாரு. எதுவும் ஆவாது, குடுக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. என் கையில டம்ளரக் குடுத்தாங்க. என்னால முடியல ஆயாம்மா. நான் குடுத்தா செத்துடுவாருன்னு பயமாயிடுச்சி. டம்ளர வச்சிட்டு வெளிய போயிட்டேன். கடைசி தண்ணியக்கூட பக்கத்து வூட்டு அக்காதான் ஊத்துனாங்க. பொண்ணு நான் குத்துக்கல்லாட்டம் கீறேன், பக்கத்து வூட்டு அக்கா ஊத்துனாங்க."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடும்மா," என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது," என்றாள். "இங்க வந்து எங்க ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? அன்னிக்கு அத்தினி பேர் முன்னாடி சொன்ன இல்ல? எழுது. எல்லாரும் படிக்கிறாப்புல எழுது. ஹோம்ல குடு, ஸ்கூல்ல குடு."

"உன் பேரும் எழுதணுமாம்மா?"

"என் பேரு வேணாம். உன் பேரு போடு."

அவள் அம்மா எழுந்து கதவைத் திறந்து வைத்தாள். நான் இறங்கி வந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன். பலகைக்குப் பெயிண்ட் அடித்தபோது ஏணியைப் பிடித்த இரண்டு பேரும் முதலில் படிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கிறேன், அந்த டீச்சர் இன்னும் இருந்தால் அவரும் படிக்கட்டும். அந்தச் சனிக்கிழமை ஐந்தாம் கட்டிலில் துணி இல்லை. அவிழ்த்தவள் நான். இருந்தது என்று சொன்னவளும் நான். அந்தப் பெண் சரியாகப் பார்த்தாள்.

செசிலி
பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்தவள்